தூண்டில் தடியில் மெட்டாலிக் நூலால் கைடு கட்டுதல்: கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடையில் கிடைக்கும் தடி போதாமல், வெறும் பிளாங்கை (கைடு எதுவும் கட்டாத மொட்டைத் தடியை) வாங்கித் தாமே கைடு (தூண்டில் நூல் ஓடும் வளையம்) கட்டிக்கொள்ள விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஆசைப்படுவது தங்க நிறமோ வெள்ளி நிறமோ கொண்ட பளபளப்பான சுற்றுக்குத்தான். அதற்கான மெட்டாலிக் நூல் (இழையின் மேல் உலோகம் பூசிய படலம் சுற்றியது) வழக்கமான நைலானைப் போல நடந்துகொள்வதில்லை. விறைக்கும், முறுக்கவிழும், வெட்டிய நுனி, சுற்றின் மேல் பூசும் பிசினான எபாக்ஸியைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும். கிடைக்கிற குறிப்புகளோ வேறு நாட்டுக் கடைகளையும் வேறு தட்பவெப்பத்தையும் வைத்துச் சொல்லப்பட்டவை. நம் ஊர்க் கடைகளில் எது கிடைக்கும், மே மாத வெயிலிலும் ஐப்பசி மழையிலும் எபாக்ஸி எப்படி இறுகும், நடுவில் மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பவற்றை நான் அலைந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நீங்கள் அந்த அலைச்சலைத் தவிர்ப்பதற்காக வேலையின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. பளபளப்பு எங்கே வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மெட்டாலிக் நூலை மூன்று இடங்களில் பயன்படுத்தலாம். கைடின் காலுக்கு (பிளாங்கோடு ஒட்டி அமரும் தட்டையான பகுதிக்கு) அடியில் பிளாங்கின் மேல் போடும் அடிச்சுற்று ஒன்று. காலையே பிடித்து நிறுத்தும் முதன்மைச் சுற்று மற்றொன்று. முதன்மைச் சுற்றின் ஓரத்தில் கோடுபோல வரும் கரைச்சுற்று மூன்றாவது. முதல் தடியைக் கட்டுகிறவருக்கு என் பரிந்துரை ஒன்றுதான்: காலைப் பிடிக்கும் வேலையை நைலானிடம் விட்டுவிட்டு, மெட்டாலிக் நூலைக் கரைச்சுற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நைலான் சற்றே நீண்டு கொடுத்து, காலின் சரிவில் ஏறும்போது அதோடு ஒட்டி அமரும். மெட்டாலிக் நூல் அப்படி விட்டுக்கொடுக்காது; காலின் இரு பக்கங்களிலும் சிறு இடைவெளியை விட்டுவிட்டு மேலே பாலம்போல நிற்கும். நைலானில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மயிரிழை இடைவெளிகூட, ஒளியைத் திருப்பி அடிக்கும் இந்த நூலில் கறுப்புக் கோடாகத் தெரியும். ஒரு தடியைக் கரைச்சுற்றோடு கட்டி முடித்த கைக்கு அடுத்த தடியில் முதன்மைச் சுற்றும் எளிதாகவே வரும்.

2. நூல் வாங்குதல்

ராட் கட்டும் நூலில் நமக்கு வேண்டிய அளவுகள் இரண்டு: ஏ, டி. ஏ அளவு ஏறத்தாழ 0.15 மி.மீ. தடிமன் கொண்டது, டி அதைவிடப் பருமனானது. ஏரியிலும் அணையிலும் பயன்படுத்தும் இலகுவான, நடுத்தரத் தடிகளுக்கு ஏ அளவே சரி. நைலானும் மெட்டாலிக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஏ அளவு நைலானுக்கு நடுவில் டி அளவு மெட்டாலிக் நூல் வந்தால் அந்த இடம் மேடு தட்டி, எபாக்ஸி சமமாகப் படியாது.

எவ்வளவு நூல் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே வாங்கலாம். பிளாங்கின் விட்டம் 6 மி.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 19 மி.மீ. நூல் செலவாகும். 25 மி.மீ. நீளமுள்ள ஒரு சுற்றுப்பகுதிக்கு ஏ அளவு நூல் சுமார் 167 சுற்று வரும். ஆக மூன்று மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அடிப்பக்கத்து இரட்டைக்கால் கைடுகளுக்கு நூல் அதிகமும், நுனிப்பக்கத்து ஒற்றைக்கால் கைடுகளுக்கு மிகக் குறைவும் பிடிக்கும். முழு 7 அடித் தடிக்கும் 25 மீட்டர் நூல் பெரும்பாலும் போதும் என்பதால், 100 கெஜ நூல்கண்டு ஒன்று இருந்தால் இரண்டு, மூன்று தடிகளுக்குத் தாங்கும். கரைச்சுற்றுக்கு மட்டும் என்றால் ஒரு கண்டு பல ஆண்டுகள் வரும். ஆகவே பெரிய கண்டு வாங்கிப் பணத்தை முடக்க வேண்டாம்.

நைலான் வாங்கும்போது நிறம் மாறாத வகை என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். கண்டின் மேல் என்.சி.பி. என்று போட்டிருக்கும். சாதாரண நைலான் எபாக்ஸியை உறிஞ்சி நிறம் மங்கிக் கண்ணாடிபோல ஆகிவிடும். அடியில் மறைத்து வைத்த மெட்டாலிக் நுனியெல்லாம் வெளியே தெரியும். அதைத் தடுக்கும் நிறக்காப்புத் திரவம் விற்கிறார்கள் என்றாலும், நூலையே சரியாக வாங்கிவிட்டால் அந்தச் செலவும் அதற்கான காத்திருப்பும் மிச்சம். மெட்டாலிக் நூல் எபாக்ஸியில் நிறம் மாறாது. அதற்கு நிறக்காப்பு தேவையில்லை.

ஆரி வேலைப் பொருள் விற்கும் கடைகள் இப்போது கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி என எல்லா ஊர்களிலும் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் ஜரிகை நூலைப் பயன்படுத்தலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. சிலவற்றைப் பயன்படுத்தலாம். ஜரிகையில் செம்புக் கம்பியைத் தட்டையாக்கிச் சுற்றியதும் உண்டு, உலோகம் பூசிய பாலியெஸ்டர் படலத்தைச் சுற்றியதும் உண்டு. செம்பு வகை கறுக்கும், விளிம்பு கூர்மையானது, வளையும் தடியில் நைந்து போகும், அது வேண்டாம். ஒரு சிறு துண்டை நெருப்பில் காட்டிப் பாருங்கள்: சுருண்டு உருகினால் பாலியெஸ்டர், கம்பி எஞ்சினால் செம்பு. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் நூலை அழுத்தித் துடையுங்கள். சாயம் துணியில் ஒட்டினால் எபாக்ஸியிலும் கரைந்து பரவக்கூடும். இரண்டிலும் தேறிய நூலையும் நேரே தடியில் ஏற்றாமல், ஒரு மூங்கில் குச்சியில் இரண்டு அங்குலம் சுற்றி எபாக்ஸி பூசி ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டே பயன்படுத்துங்கள்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பதாக இருந்தால், கூரியர் நிறுவனம் சுங்கத்துக்காக ஆதார் போன்ற அடையாள ஆவணத்தைக் கேட்கும்; அதன் தெளிவான நகலையும், விற்றவர் தந்த விலைப்பட்டியலையும் முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். பெயரும் முகவரியும் ஆவணத்தில் உள்ளபடியே ஆர்டரிலும் இருக்கட்டும். தாமதம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நேர்கிறது. ஒற்றை நூல்கண்டுக்கு அனுப்பும் செலவும் வரியும் நூலின் விலையைத் தாண்டிவிடும் என்பதால், கைடு, எபாக்ஸி என்று சேர்த்து வாங்கும்போதுதான் அது கட்டுப்படியாகும். இந்தியாவிலேயே இணையத்தில் விற்பவர்களிடம் வாங்கினால் ஜி.எஸ்.டி. ரசீது கேட்டு வாங்குங்கள். ஏ அளவு கேட்டு டி அளவு வந்து சேர்ந்தபோது, ரசீதில் அளவு எழுதியிருந்ததால் மட்டுமே என்னால் அதைத் திருப்பி அனுப்ப முடிந்தது.

3. கைடின் காலை அராவுதல்

இந்தப் படியைத் தாண்டிச் சென்றால் மற்ற எல்லாம் வீண். புதுக் கைடின் கால்நுனி மழுங்கலாக, படிக்கட்டுபோல் இருக்கும். நூல் அதன் மேல் ஏறாமல் வழுக்கும் அல்லது ஏறி இடைவெளி விடும். வளையத்தின் உள்ளே இருக்கும் செராமிக் பகுதியை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு, நுண்ணிய அரத்தால் காலின் மேற்பக்கத்தை நுனியை நோக்கிச் சரிவாக அராவுங்கள். அடிப்பக்கம் பிளாங்கின் மேல் தட்டையாக அமர வேண்டும். நுனி மெலிய வேண்டும், ஆனால் கத்திபோல வெட்டக் கூடாது.

அராவியதும் இரு ஓரங்களிலும் மெல்லிய பிசிறு நிற்கும். நைலான் அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். மெட்டாலிக் நூலின் படலத்தை அது முதல் இழுப்பிலேயே கிழித்து உள்ளிருக்கும் இழையை வெளியே காட்டிவிடும். 400 எண் உப்புத்தாளிலும் பிறகு 600 எண் தாளிலும் தேய்த்துவிட்டு, சிறிது பஞ்சைக் காலின் மேல் நாலா பக்கமும் இழுத்துப் பாருங்கள். பஞ்சு நார் எங்காவது சிக்கினால் அங்கே இன்னும் பிசிறு இருக்கிறது. அராவிய இடத்தில் உலோகம் வெண்மையாகத் தெரியும். இருண்ட நிற நூல் சுற்றுவதாக இருந்தால் அழியாத கறுப்பு மார்க்கரால் அதைத் தீட்டிவிடுங்கள். உலோகத் தூள் பிளாங்கில் ஒட்டாதபடி அரம் போடும் இடத்தையும் நூல் சுற்றும் இடத்தையும் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது.

4. நூல்கண்டை நிறுத்தும் முறை

நூலை ஒரு தடித்த புத்தகத்தின் பக்கங்களுக்கு இடையே விட்டு, மேலே பாரம் வைத்து இறுக்கம் கொடுக்கும் பழைய முறையே நைலானுக்குப் போதும். மெட்டாலிக் நூலுக்கு ஒரு நிபந்தனை கூடுதலாக உண்டு: கண்டு உருள வேண்டும். நிற்க வைத்த கண்டின் தலைவழியே நூலை இழுத்தால், இழுக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும் அல்லது அவிழும்; அவிழ்ந்தால் படலத்தின் புரி திறந்து உள் இழை தெரியும், ஏறினால் நூல் சுருண்டு முடிச்சாகும். ஹார்டுவேர் கடையில் நீளமான போல்ட் ஒன்று, அதற்கேற்ற இரண்டு வாஷர், ஒரு சிறு ஸ்பிரிங், இறக்கை நட்டு ஆகியவற்றை வாங்கி, கண்டைப் போல்ட்டில் கோத்து மரத்துண்டில் படுக்கவாட்டில் பொருத்திவிட்டால், நட்டைத் திருகித் திருகி இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.

இறுக்கம் குறைவாகவே இருக்கட்டும். சுற்றி முடித்த கைடைக் கட்டை விரலால் அழுத்தித் தள்ளினால் மயிரிழையளவு நகர வேண்டும். அசையவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம், தானாக ஆடினால் மிகக் குறைவு. எல்லாக் கைடுகளையும் கட்டிய பின் தடியின் அடியிலிருந்து நுனியை ஒரு கண்ணால் பார்த்து வளையங்களை நேர்ப்படுத்துவதற்கு இந்த நகர்வு வேண்டும்.

5. சுற்றுதல்

இரண்டு மரத்துண்டுகளில் வி வடிவில் வெட்டி, வெட்டில் மெல்லிய துணி ஒட்டி, அவற்றின் மேல் பிளாங்கைப் படுக்க வையுங்கள். சுற்றும் இடத்தை ஆல்கஹாலால் துடையுங்கள். கைடின் ஒரு காலை மாஸ்கிங் டேப்பால் பிளாங்கோடு ஒட்டி, மறு காலில் வேலையைத் தொடங்குங்கள். கால்நுனிக்கு 5 அல்லது 6 மி.மீ. வெளியே நைலானைத் தொடங்கி, அதன் நுனியை அதன் சுற்றாலேயே அமுக்கிக்கொண்டு, வளையத்தை நோக்கிச் சுற்றி வர வேண்டும்.

இனி இந்த வேலை முழுவதற்குமான விதி: மெட்டாலிக் நூலின் தொடக்க நுனியும் முடிவு நுனியும் எப்போதும் நைலானுக்கு அடியிலேயே இருக்க வேண்டும். கடைசிச் சுற்றுகளுக்கு அடியில் ஒரு நூல் கண்ணியை வைத்து, நுனியை அதில் கோத்து இழுத்து முடிக்கும் வேலையை நைலானை மட்டும் வைத்துச் செய்யுங்கள். மெட்டாலிக் நூலைக் கண்ணியில் இழுத்தால் வளைந்த இடத்தில் படலம் நொறுங்கிப் பிரிந்துவிடும்.

கரைச்சுற்று போடும் விதம் இது. நைலான் தொடங்கிச் சுமார் பத்துச் சுற்று ஆனதும், மெட்டாலிக் நூலின் நுனியைப் பிளாங்கின் நீளவாக்கில், அது நைலான் தொடங்கிய இடத்தை நோக்கி இருக்கும்படி படுக்க வைத்து, அதன் மேல் நைலானை ஏழெட்டுச் சுற்று சுற்றுங்கள். இப்போது மெட்டாலிக் நூல் பிடிபட்டுவிட்டது. நைலானை வெட்டாமல், வளையம் இருக்கும் திசையில் பிளாங்கோடு நீளவாக்கில் படுக்க வைத்து டேப்பால் ஒட்டிவிட்டு, அதன் மேல் மெட்டாலிக் நூலை ஆறு சுற்று சுற்றுங்கள். ஏ அளவு நூலில் இது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கோடாக வரும். பிறகு மெட்டாலிக் நூலை நீளவாக்கில் படுக்க வைத்து, நைலானை எடுத்து அதன் மேல் சுற்றத் தொடங்குங்கள். ஏழெட்டுச் சுற்று ஆனதும் மெட்டாலிக் நுனியை மெல்லத் தூக்கிப் புது பிளேடால் ஒட்ட வெட்டிவிட்டு, வெட்டுவாய் மறையும்படி நைலானைத் தொடருங்கள். முதலில் படுக்க வைத்த நுனியில் எஞ்சிய பகுதியையும் இதேபோல் வெட்டிவிட வேண்டும். நூல் மாறும் இடங்கள் எல்லாம் தடியைச் சுற்றி ஒரே வரிசையில், கைடு இருக்கும் பக்கமாக வரட்டும். கைடு கீழ்ப்பக்கம் வரும் தடியில் மீன் பிடிப்பவர் கண்ணுக்கு அந்தப் பக்கம் எளிதில் படாது.

சுற்றும்போது இரண்டு விஷயங்களில் கண் வேண்டும். தடியை ஒரே திசையில்தான் திருப்ப வேண்டும். சில சுற்றுகளை அவிழ்க்க நேர்ந்தால், அவிழ்த்த நூலைத் திரும்பச் சுற்றாமல் அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டுப் புது நூலில் தொடங்குங்கள். ஒருமுறை வளைந்த படலம் மறுமுறை சீராக அமராது. மற்றொன்று, சுற்றுகளை நெருக்குவதற்கு உலோகக் கருவி எதையும் பயன்படுத்தாதீர்கள். நைலானை ஸ்பூனின் முதுகால் தேய்த்து நெருக்கலாம்; மெட்டாலிக் நூலில் அது கீறல் போடும். விரல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளுவது போதும்.

முழு முதன்மைச் சுற்றையும் மெட்டாலிக் நூலில் செய்ய விரும்புகிறவர்களும் இதே விதியைப் பின்பற்றலாம்: முதல் பத்துச் சுற்றும் கடைசிப் பத்துச் சுற்றும் நைலான், நடுவில் எல்லாம் மெட்டாலிக். பார்ப்பதற்கும் அதுவே அழகு.

6. எபாக்ஸி பூசுதல்

தடி கட்டுவதற்கென்றே விற்கும் இரு பகுதி எபாக்ஸியையே வாங்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் ஒட்டுப் பசை நூலில் இறங்குவதற்குள் கெட்டியாகிவிடும். வெயிலில் மஞ்சளும் பாய்ந்துவிடும். பெரும்பாலான தடி எபாக்ஸிகள் சம அளவில் கலப்பவை; ஆனாலும் புட்டியில் போட்டிருக்கும் அளவே இறுதி. ஒவ்வொன்றிலும் 3 மி.லி.க்குக் குறைவாக எடுக்காதீர்கள். மிகச் சிறிய அளவில் ஒரு துளி வித்தியாசம்கூட இறுகாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும் பூச்சில் போய் முடியும். இரண்டுக்கும் தனித்தனிச் சிரிஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடைச் சிரிஞ்சின் ரப்பர் முனையில் சிலிக்கோன் தடவியிருப்பதுண்டு. அது கலந்தால் பூச்சில் மீன் கண்போல் குழிகள் விழும். ரப்பர் இல்லாத வகையைக் கேட்டு வாங்குவது பாதுகாப்பு. கையுறை கட்டாயம், எபாக்ஸி தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு இந்த வேலையே செய்ய முடியாது.

மூன்று நிமிடம் நிதானமாகக் கலக்கி, கலவையை அலுமினியத் தாளின் மேல் பரப்பிவிடுங்கள். கிண்ணத்திலேயே விட்டால் தன் சூட்டிலேயே அது சீக்கிரம் இறுகும். பரப்பினால் வேலை செய்ய நேரமும் கிடைக்கும், குமிழும் தானாக உடையும்.

மெட்டாலிக் நூல் எபாக்ஸியை உறிஞ்சாது. சுற்றுகளுக்கு இடையே மாட்டிய காற்று மெல்லத்தான் வெளியேறும். ஆகவே முதல் பூச்சு மிக மெல்லியதாக, நூல் நனையும் அளவுக்கு மட்டும் இருக்க வேண்டும். குமிழை உடைக்க ஸ்பிரிட் விளக்கின் சுடரை அடியில் வேகமாக ஒருமுறை கொண்டுசெல்லுங்கள். நிறுத்தினால் படலம் சுருங்கும். மெழுகுவத்தி புகை படியும் என்பதால் வேண்டாம். ஒரு நாள் கழித்து ஒளியைச் சாய்வாக விட்டுப் பார்த்தால், துருத்திக்கொண்டிருக்கும் நுனிகள் சிறு முட்களாகத் தெரியும். அவற்றைப் புது பிளேடால் சீவி, அந்த இடத்தை மட்டும் 600 எண் உப்புத்தாளில் தொட்டுத் தடவுங்கள். நூலின் படலத்தை உப்புத்தாள் தொடவே கூடாது, தொட்டால் பளபளப்பு போய்விடும். அதன்பின் இரண்டாம் பூச்சு.

7. வெயில், மழை, மின்வெட்டு

பூச்சு இறுகும் வரை தடி மெல்லச் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் எபாக்ஸி அடிப்பக்கம் வழிந்து தொங்கும். மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் சிறு மோட்டார் நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று சுற்றும். இந்த வேலைக்கு அது போதும். வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடும் வகைதானா என்று பார்த்து வாங்கி, இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துப் பெட்டிக்குள் மூடி வாங்குங்கள். முதல் மூன்று, நான்கு மணி நேரத்தில் மின்சாரம் நின்றால்தான் ஆபத்து. இன்வெர்ட்டர் உள்ள அறையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பக்கத்திலேயே இருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கையால் அரைச் சுற்று திருப்பிவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை நாளைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டு, அன்றைக்குப் பூச்சு வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

தருமபுரியின் ஏப்ரல், மே வெயிலில் கலந்த எபாக்ஸி மதியத்தில் பாதிக் கைடு முடிவதற்குள் கெட்டியாகி நூல்போல இழுபடத் தொடங்கும், விடியற்காலையில் செய்யுங்கள். ஓசூர்ப் பக்கம் மார்கழி இரவுக் குளிரில் அதே எபாக்ஸி தேன்போலத் தடித்து, குமிழை விடாமல் பிடித்துக்கொள்ளும். புட்டிகளை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்துவிட்டுக் கலக்குங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் பூச்சின் மேல் பிசுபிசுப்பான படிவு வரலாம். மழை பெய்யும் நாளில் அவசரப்படாமல் ஒத்திப்போடுவதே மேல்.

8. செலவும் காலமும்

நூல் மலிவு, எபாக்ஸிதான் செலவு. ஒரு மெட்டாலிக் கண்டு சில நூறு ரூபாய்க்குள் முடியும், ஆரிக் கடை ஜரிகை அதிலும் குறைவு. மோட்டாரும் சில நூறுதான். பிளாங்க், கைடு, எபாக்ஸி மூன்றும் சேர்ந்தே மொத்தத் தொகையைத் தீர்மானிக்கும். பளபளப்புக்காகக் கூடுதலாகச் செலவாவது பணத்தைவிட நேரம். கரைச்சுற்றோடு ஒரு காலைக் கட்டப் புதியவருக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், முழுத் தடிக்கும் இரண்டு வார இறுதிகள் ஒதுக்க வேண்டும். பிறகு முதல் பூச்சு, ஒரு நாள் இடைவெளி, இரண்டாம் பூச்சு, முழுமையாக இறுக ஒரு வாரம். அந்த வாரத்தில் தடியை வளைத்துப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

தடி தயாரானதும் கே.ஆர்.பி. அணைக்கோ பாரூர் ஏரிக்கோ கிளம்பும் முன், அந்த நீரில் மீன்பிடி உரிமை யாரிடம் இருக்கிறது என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். காவிரிக் கரைக் காடுகளின் பெரும்பகுதி காவிரி வடக்கு, 2022-இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு ஆகிய வன உயிரினச் சரணாலயங்களுக்குள் வருகிறது. அங்கே வனத்துறை அனுமதியின்றித் தூண்டிலோடு நுழையாதீர்கள்.

9. சுற்றைக் கழற்ற வேண்டி வந்தால்

சில மாதங்கள் பயன்படுத்திய பின் கைடின் கால்நுனி முடியும் இடத்தில் பூச்சில் மயிரிழை விரிசல் தெரியலாம். அது கறுத்துப்போகாமலும், கைடு ஆடாமலும் இருந்தால் மெல்லிய ஒரு பூச்சு கொடுத்தால் போதும். நீர் இறங்கி நூலின் நிறம் மாறியிருந்தால் சுற்றைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். பிளேடைக் கைடின் உலோகக் காலின் மேல் மட்டும் நீளவாக்கில் ஓட்டுங்கள். ஒருபோதும் பிளாங்கின் மேல் ஓட்டாதீர்கள், கார்பன் இழையில் சிறு கீறல் விழுந்தாலும் தடி பின்னொரு நாள் அந்த இடத்தில்தான் முறியும். தலைமுடி உலர்த்தியால் பூச்சை மிதமாகச் சூடாக்கினால் அது ரப்பர்போல இளகும். வெட்டுவாயிலிருந்து நூலை நகத்தால் உரித்து எடுத்து, எஞ்சியதை ஆல்கஹால் துணியாலும் பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பாலும் சுரண்டிவிடலாம். கழற்றிய கைடின் காலில் பஞ்சுச் சோதனையை மறுபடி செய்துவிட்டே புது நூலை ஏற்றுங்கள்.